உப்பு, ஆல்புமின் பிரின்டுக்கு எந்த யு.வி. வெளிச்சம்? டியூப் பெட்டி, எல்.இ.டி., பழைய எக்ஸ்போஸிங் மெஷின், வெயில்

உப்பு பிரின்டும், முட்டை வெள்ளைக்கரு பூசும் ஆல்புமின் பிரின்டும் தாளில் கையால் வெள்ளி பூசி, மேலே நெகட்டிவை வைத்து யு.வி. (புற ஊதா) வெளிச்சம் காட்டிப் போடும் பழைய புகைப்பட முறைகள். அதற்கு எந்த வெளிச்சம் நல்லது என்பதுதான் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையால் உப்பும் வெள்ளியும் பூசிப் பிரின்ட் போடுகிறவர் ஒரே ஒரு வெளிச்சத்துக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால், பூச்சிப் பொறிகளில் போடும் பிஎல் டியூப் எட்டை அடுக்கிய பெட்டியை வாங்கட்டும், அல்லது செய்துகொள்ளட்டும். 365 நானோமீட்டர் எல்.இ.டி. ஃப்ளட்டுக்கு இரண்டாம் இடம். 395 என்று எழுதிய எல்.இ.டி. எதையும் இந்த வேலைக்கென்று வாங்க வேண்டாம். காயலான் கடைக்கு வரும் ஆஃப்செட் பிளேட் எக்ஸ்போஸிங் மெஷின் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். உள்ளே என்ன விளக்கு என்று தெரியாமல் விலை பேசாதீர்கள். வெயிலுக்குக் காசு இல்லை, அதன் பிரின்டும் அருமை. ஆனால் நேற்றைய நேரம் இன்றைக்கு ஒத்துவராது.

கடையில் எல்லோரும் எத்தனை வாட் என்றுதான் கேட்கிறார்கள். இந்த இரண்டு வகைப் பிரின்டுக்கும் வாட் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். தாளின் நான்கு மூலையிலும் ஒரே வெளிச்சம் விழுகிறதா, தாள் சூடாகாமல் இருக்கிறதா, தாளையும் நெகட்டிவையும் கண்ணாடியோடு அழுத்திப் பிடிக்கும் ஃபிரேமை நடுவில் வெளியே எடுத்துத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் வைக்க முடிகிறதா என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. காரணம், இவை டெவலப்பரில் போட்டு எழுப்பும் பிரின்ட் அல்ல. படம் வெளிச்சத்திலேயே கண்ணெதிரே கருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடிந்தாலும் இருபது நிமிடத்தில் முடிந்தாலும் தாளுக்குக் கவலையில்லை. ஒரு மூலை மட்டும் பிந்தினால் அந்தத் தாள் வீண்.

தாளில் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் விளக்குகளின் குணம் புரியும். உப்புத் தாளுக்கு வழக்கமான கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் அம்மோனியம் குளோரைடு அல்லது அயோடின் சேர்க்காத உப்பு 20 கிராம், சோடியம் சிட்ரேட் 18 முதல் 20 கிராம், ஜெலட்டின் 8 கிராம். அது காய்ந்த பிறகு 12 சதவீத சில்வர் நைட்ரேட். ஆல்புமினுக்கு வெள்ளைக்கருவில் 1.5 முதல் 3 சதவீதம் வரை குளோரைடு கலந்து, நுரை பொங்க அடித்து, ஒரு நாள் குளிரில் தெளியவிட்டு வடிகட்டி, தாளை அதன்மேல் மிதக்கவிட்டுக் காயவைத்து, பிறகு 15 சதவீத சில்வர் நைட்ரேட்டின் மேல் 3 நிமிடம் மிதக்கவிடுவார்கள். இரண்டிலும் உருவாவது வெள்ளி குளோரைடுதான். அதன்மேல் யு.வி. பட்டால் வெள்ளியும் குளோரினும் பிரிகின்றன. பிரிந்த குளோரினைப் பிடித்துக்கொள்ள உபரி சில்வர் நைட்ரேட் தாளில் மிச்சம் இருந்தே ஆக வேண்டும். அது குறைந்த தாளை எவ்வளவு நல்ல விளக்கின் கீழ் வைத்தாலும் செங்கல் நிறத்திலேயே நின்றுவிடும், ஆழமான நிழல் வராது. பிரின்ட் சோகையாக வருகிறதே என்று விளக்கை மாற்றுகிறவர்களில் பலர் முதலில் மாற்ற வேண்டியது வெள்ளிக் கரைசலைத்தான்.

இன்னொன்று, படிந்த வெள்ளியே தனக்குக் கீழே உள்ள அடுக்குக்கு நிழலாகிவிடுகிறது. கருத்த இடம் மேற்கொண்டு கருப்பது மந்தமாகி, வெளுத்த இடங்கள் நிதானமாக ஏறிவரும். அதனால்தான் இந்தத் தாள்களுக்கு 1.8 முதல் 2.2 வரை அடர்த்தி வீச்சுள்ள (மிகக் கருத்த இடத்துக்கும் மிகத் தெளிவான இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) கெட்டியான நெகட்டிவ் தேவைப்படுகிறது. சாதாரண என்லார்ஜர் பேப்பருக்கு எடுத்த நெகட்டிவ் இங்கே சாம்பல் பூத்தது போலத்தான் வரும்.

வெள்ளி குளோரைடு 400 நானோமீட்டருக்குக் கீழேதான் வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சுகிறது. 400ஐ நெருங்க நெருங்க அந்தத் திறன் மளமளவென்று சரிகிறது. மறுபக்கம் 320க்குக் கீழே உள்ளதை ஃபிரேமின் சாதாரணக் கண்ணாடியே பெரும்பாலும் தடுத்துவிடும். ஆக நமக்குப் பயன்படுவது 320க்கும் 390க்கும் இடைப்பட்ட சின்னப் பட்டை. எந்த விளக்கையும் இந்தப் பட்டைக்குள் எவ்வளவு தருகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

பிஎல் டியூப் பெட்டி

பூச்சிப் பொறி டியூப்களின் உச்சம் 350 முதல் 370 வரை இருக்கும். பிலிப்ஸின் ஆக்டினிக் வரிசையில் 10 என்று முடியும் டியூப்கள் 370 அருகே. இவை பூச்சிகளுக்காகச் செய்யப்பட்டவை என்றாலும் வெள்ளி குளோரைடுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துகின்றன. எரியும்போது வெளிர் நீலமாகத் தெரியும். இதே டியூப்பை கருநீலக் கண்ணாடியில் பிஎல்பி என்று விற்பார்கள். நாடக மேடைகளிலும் கள்ள நோட்டு பார்க்கும் பெட்டிகளிலும் இருப்பது அதுதான். உள்ளே பூச்சு ஒன்றே. கண்ணுக்குத் தெரியும் நீலத்தை மறைப்பதற்குத்தான் அந்தக் கருங்கண்ணாடி. அந்த நீலத்தால் நம் பிரின்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை, எனவே பிஎல்பிக்குக் கூடுதல் காசு தேவையில்லை. மீன் தொட்டிக்கென்று விற்கும் 420 நானோமீட்டர் ஆக்டினிக் டியூப் பெயரில்தான் உறவு. அது நமக்கு ஆகாது.

ஒரு டியூப் விஷயத்தில் மட்டும் தவறவே கூடாது. தண்ணீர் சுத்திகரிப்பானிலும் மருத்துவமனை அறைகளிலும் கிருமி நீக்கப் போடும் டியூப்பும் யு.வி. டியூப் என்ற பெயரில்தான் விற்கிறது. அதன் வெளிச்சம் 254 நானோமீட்டர். கண்ணாடி தெள்ளத்தெளிவாக இருக்கும், உள்ளே வெள்ளைப் பூச்சே இருக்காது, அடையாளம் அதுதான். ஃபிரேமின் கண்ணாடி அதை முழுக்கத் தடுத்துவிடுவதால் பிரின்டுக்குப் பயன் பூஜ்யம். கண்ணையும் தோலையும் சில நிமிடங்களில் வேகவைத்துவிடும். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

10க்கு 8 அங்குல பிரின்டுக்கும் 11க்கு 14க்கும் சேர்த்து ஒரு பெட்டி செய்வதானால் கணக்கு இது. ஒன்றரை அடி நீளமுள்ள 15 வாட் டி8 டியூப் எட்டு. டியூப்பின் குறுக்களவு 26 மில்லிமீட்டர். அடுத்தடுத்த டியூப்களுக்கு இடையே 12 மில்லிமீட்டர் சந்து விட்டால், ஒரு டியூப்பின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 38 மில்லிமீட்டர். எட்டும் சேர்ந்து ஏறக்குறைய 30 செ.மீ. அகலத்தை மூடும். டியூப்பிலிருந்து தாளுக்கு உள்ள தூரம், அந்த நடுவுக்கு நடு அளவைவிடக் குறையவே கூடாது. அதைவிட நெருக்கி வைத்தால் வெளுத்த வானத்தில் டியூப்களின் நிழல் வரிவரியாகத் தெரியும், புலி முதுகு போல. 6 முதல் 8 செ.மீ. வரை பத்திரமான தூரம். டியூப்பின் இரண்டு முனைகளும் எப்போதும் மங்கல். ஒன்றரை அடி டியூப்பில் நம்பக்கூடிய நீளம் நடுவே உள்ள 35 செ.மீ. மட்டும்தான். முனை வரைக்கும் தாளை வைத்துவிட்டு ஓரம் வெளுக்கிறதே என்று புகார் சொல்வது பெட்டியின் குற்றம் ஆகாது.

டியூப்களின் பின்னால் வெள்ளை பெயின்ட் அடிப்பது நல்லதென்று தோன்றும். கூடாது. வெள்ளை பெயின்டின் வெண்மைக்குக் காரணமான டைட்டானியம் டைஆக்சைடு, நமக்கு வேண்டிய யு.வி.யை விழுங்கிவிடுகிறது. கண்ணுக்குப் பளீரென்று இருக்கும் சுவர், தாளுக்கு இருட்டுச் சுவர். அலுமினியத் தகடு அல்லது சமையலறை ஃபாயிலைக் கசங்காமல் ஒட்டினால் போதும். தகடு போட்டால் அதை எர்த் வயரில் இணைத்தே ஆக வேண்டும். ஈரக் கையோடு புழங்கும் இடம் இது.

இன்றைக்கு டியூப் லைட் பட்டி வாங்கப் போனால் பெரும்பாலும் எல்.இ.டி. டியூப்புக்கான பட்டியைத்தான் தருவார்கள். அதற்குள் சோக் கிடையாது, மின்சாரம் நேரே முனைக்கு வரும். பிஎல் டியூப்பை அதில் மாட்டக்கூடாது. டியூப்பின் வாட்டுக்கு ஏற்ற எலெக்ட்ரானிக் சோக்காகக் கேட்டு வாங்குங்கள். பழைய இரும்பு சோக்கும் ஸ்டார்ட்டரும் வேலை செய்யும், ஆனால் சூடும் அதிகம், மின்னழுத்தம் இறங்கும்போது வெளிச்சமும் இறங்கும். சோக்குகளைப் பெட்டிக்கு வெளியே பின்பக்கம் திருகிவிட்டால் உள்ளே சூடு குறையும். மிச்சத்துக்குக் கம்ப்யூட்டரில் இருக்கும் 80 அல்லது 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, காற்றை வெளியே தள்ளும் பக்கமாக.

சூட்டைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளி பூசிய தாளில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் படம் ஒழுங்காக ஏறும். பெட்டி சூடானால் தாள் முறுமுறுவென்று காய்ந்து, ஏற்றம் மந்தமாகி, நிறமும் சிவப்புப் பக்கம் சாயும். அதைவிட மோசம், ஃபிரேமுக்குள் காயும் தாள் சுருங்குகிறது, நெகட்டிவ் ஃபிலிம் சுருங்குவதில்லை. முதல் பத்து நிமிடத்தின் படமும் அடுத்த பத்து நிமிடத்தின் படமும் அரை மில்லிமீட்டர் விலகி, படத்தில் உள்ள ஓலைக் கீற்று போன்ற நுணுக்கங்கள் எல்லாம் இரட்டை விளிம்போடு நிற்கும். ஃபோகஸ் தப்பிவிட்டதாகத்தான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆல்புமின் தாள் சூட்டில் சுருண்டு, மேல் பூச்சில் மயிரிழை வெடிப்பும் விடும்.

போட்டவுடன் டியூப் முழு வெளிச்சம் தராது. ஐந்து நிமிடம் எரியவிட்ட பிறகே ஃபிரேமை உள்ளே தள்ள வேண்டும். முகப்பில் ஒரு கறுப்புத் துணித் திரை தொங்கவிட்டால், அணைக்காமலேயே ஃபிரேமை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கலாம். புது டியூப்களை முதலில் 100 மணி நேரம் எரித்து ஆறவிட்டால் பிறகு நிலையாக இருக்கும். எட்டில் ஒன்று போய்விட்டால் அதை மட்டும் மாற்றாதீர்கள். எட்டையும் சேர்த்து மாற்றுவதுதான் சீர். உணவகங்களில் பூச்சிப் பொறி டியூப்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்குக் காரணம், நீலம் அப்படியே இருந்தும் யு.வி. வற்றிவிடுவதுதான். கண் அதைக் காட்டிக்கொடுக்காது, தாள்தான் காட்டும்.

இப்படிப்பட்ட பெட்டியில் உப்பு பிரின்டுக்கு 8 முதல் 20 நிமிடம், கெட்டியான நெகட்டிவோடு ஆல்புமினுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். 15 வாட் எட்டு என்றால் 120 வாட். 20 நிமிடத்துக்கு 0.04 யூனிட். மின்கட்டணத்தை மறந்துவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. டியூப் வெளிச்சம் பல திசையிலிருந்தும் வருவதால், தாளும் நெகட்டிவும் ஒட்டாத இடம் உடனே மங்கலாகிவிடும். நல்ல ஸ்பிரிங் உள்ள ஃபிரேம் இல்லாமல் இந்தப் பெட்டியை வாங்குவதில் அர்த்தமில்லை. ஃப்ளூரசென்ட் டியூப்களின் காலமும் மெல்ல முடிந்துவருகிறது, அதனால் ஒரு செட் உபரியாக வாங்கி வைப்பது நல்லது.

எல்.இ.டி. ஃப்ளட்

50 வாட், 100 வாட் என்று அலுமினிய உடம்போடு வரும் ஃப்ளட் விளக்குகளில் அலைநீளம்தான் எல்லாம். பெட்டிமேல் யு.வி. என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். 365 என்று தெளிவாக எழுதியிருந்தாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எரியும் விளக்கை ஒரு வெள்ளைச் சுவரில் பிடித்துப் பார்த்தால், 395 என்றால் கத்தரிப்பூ நிறம் அள்ளி வீசும். 365 என்றால் விளக்கே எரியாதது போல வெளிறிய சாம்பல் நீலம்தான் தெரியும். அடுத்து ஒரு ரூபாய் நோட்டைக் கீழே காட்டுங்கள். எண் அச்சிட்ட பகுதியும், தாளுக்குள் சிதறிக் கிடக்கும் மயிரிழை நார்களும் ஒளிர வேண்டும். 365இல் சுற்றியுள்ள தாள் இருட்டாக இருக்க, அந்த நார்கள் மட்டும் தனித்துக் கண்ணைப் பறிக்கும். 395இல் எல்லாமே ஊதா வெள்ளத்தில் மூழ்கி, நார்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இந்தச் சோதனையைச் செய்யும்போது விளக்கின் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால்தான் 365 ஆபத்தானது. பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

எல்.இ.டி.யின் நல்ல குணம், போட்டவுடனே முழு வெளிச்சம். சூடு முழுவதும் பின்பக்கத் தகடு வழியே போய்விடுவதால் தாள் குளிர்ச்சியாகவே இருக்கும். ஒரே புள்ளியிலிருந்து வருவதால் விளிம்புகள் கத்தி போலக் கூர்மை. கண்ணாடியில் இருக்கும் தூசியும் அதே கூர்மையோடு பதியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை மூலைகளில்தான். ஒற்றை விளக்கைத் தாளுக்கு மேலே 40 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டால், 10க்கு 8 தாளின் மூலைக்கு நடுவில் விழுவதைவிட ஏறக்குறைய 26 சதவீதம் குறைவாக விழும். கிட்டத்தட்ட அரை ஸ்டாப் (வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப்). 60 செ.மீ.க்கு உயர்த்தினால் அந்த வித்தியாசம் 13 சதவீதமாகக் குறைகிறது, ஆனால் எக்ஸ்போஷர் 2.25 மடங்காகிவிடும். 10 நிமிடப் பிரின்ட் இருபத்திரண்டரை நிமிடம். இந்தப் பேரத்தைப் பேசித்தான் ஆக வேண்டும். நிறையப் பேர் நேரத்தைச் சுருக்க விளக்கைக் கீழே இறக்கிவிட்டு, நடு கருத்து ஓரம் வெளுத்த பிரின்டுகளைப் பார்த்து பிரஷ் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு விளக்கை 30 செ.மீ. இடைவெளியில், சற்று உட்பக்கமாகச் சாய்த்து மாட்டினால் நிலைமை நிறையத் தேறும். நடுவில் ஒருமுறை ஃபிரேமை 180 டிகிரி திருப்பிவைப்பது இலவச மருந்து.

100 வாட் என்று விற்பது உண்மையில் 100 வாட் இழுக்கிறதா என்று பிளக்கில் மாட்டும் வாட்மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவு விளக்குகளில் எழுதியதற்கும் இழுப்பதற்கும் பெரிய தூரம் இருக்கிறது.

5 மீட்டர் சுருளாக வரும் எல்.இ.டி. ஸ்டிரிப்பை வரிசையாக ஒட்டிப் பெட்டி செய்வதும் உண்டு. சந்தையில் கிடைக்கும் ஸ்டிரிப்புகள் பெரும்பாலும் 395 முதல் 405. சயனோடைப் எனும் நீலநிறப் பிரின்ட் போடுகிறவர்கள் திருப்தியாக இருக்கலாம். உப்புக்கும் ஆல்புமினுக்கும் அது சைக்கிளில் மலை ஏறுவது போல. போய்ச் சேரும், ஆனால் ஒரு பிரின்டுக்கு மதியம் போய்விடும். 365இல் ஸ்டிரிப் கிடைத்துச் செய்தால், ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுக்காமல் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். 12 வோல்ட் சுருளின் கடைசி விளக்குகள் எப்போதும் மங்கலாகவே எரியும். நெயில் பாலிஷ் காயவைக்கும் சின்ன விளக்கு சோதனைத் துண்டுக்கு உதவும், அவ்வளவுதான்.

பழைய எக்ஸ்போஸிங் மெஷின்

சிவகாசி மாதிரி அச்சு ஊர்களில் ஆஃப்செட் பிளேட்டை நேரே கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க ஆரம்பித்த பிறகு, வேக்குவம் விரிப்பும் மெட்டல் ஹேலைடு விளக்கும் கொண்ட பெரிய மெஷின்கள் வேலையில்லாமல் நின்றன. ஆல்புமின் போடுகிறவருக்கு இது பொக்கிஷமாகவும் அமையலாம், இரும்புச் சுமையாகவும் அமையலாம். விளக்குக்குள் காலியம் சேர்த்திருந்தால் அதன் வெளிச்சத்தின் பெரும்பகுதி 400க்கும் 420க்கும் நடுவில், அதாவது நமக்கு வேண்டிய பட்டைக்கு வெளியே. இரும்பு சேர்த்த விளக்கென்றால் 350 முதல் 400 வரை, நமக்கு ஏற்றது. விளக்கின் மேல் உள்ள எண்ணைக் குறித்து, வகையை உறுதிசெய்துகொண்ட பிறகு விலை பேசுங்கள். வேக்குவம் ஒட்டுதலுக்கு நிகரே இல்லை. ஆனால் வேக்குவத்தை விட்டால் தாள் நகர்ந்துவிடும், நடுவில் பார்க்க வழியில்லை. கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டிய பிரின்டை மணி பார்த்து நிறுத்த வேண்டியதுதான். ஒரே நெகட்டிவில் 30 பிரின்ட் போடுகிறவருக்குச் சரி, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் போடுகிறவருக்கு வேண்டாம். ஸ்கிரீன் பிரின்டிங் கடைகளின் கண்ணாடி மேசையும் ஏறக்குறைய இதே கதை. உள்ளே இருப்பது சாதாரண வெள்ளை டியூப் என்றால் அவற்றைக் கழற்றி பிஎல் போட்டுக்கொள்ளலாம், மேசைக்கு வேறு மாற்றம் வேண்டாம்.

தெருவிளக்கு மெர்க்குரி பல்பின் வெளிக்கண்ணாடியை உடைத்துப் பயன்படுத்தும் யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளிக்கண்ணாடி போனால் கிருமி விளக்கின் அதே கதிர் அறை முழுக்கப் பாயும். இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

வெயில்

இந்த இரண்டு முறைகளும் வெயிலுக்காகப் பிறந்தவை. உப்புத் தாளைக் கண்டுபிடித்த ஆங்கிலேயர் டால்பாட், 1834இல் லேகாக் அபே என்ற தன் வீட்டில் அந்த வேலையில் இறங்கியபோது வேறு வெளிச்சம் கிடையாது. 1840களில் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் அவர் ஆதரவில் நடந்த அச்சுக்கூடத்தின் புகைப்படத்தில், திறந்தவெளியில் மர அடுக்குகளின் மேல் ஃபிரேம்கள் வரிசையாக வெயில் காய்வதைப் பார்க்கலாம். ஆல்புமின் தாளை 1850இல் அறிவித்த பிளாங்கார் எவ்ரார், அடுத்த ஆண்டு லீல் நகர் அருகே அச்சகம் தொடங்கியபோது, வட பிரான்ஸின் மேகத்தை நம்பிப் பிழைக்க முடியாதென்று, சிறிது நேரமே வெளிச்சம் காட்டிப் பிறகு டெவலப் செய்யும் வழிக்கே போய்விட்டார். நம் பக்கம் 1858இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரர் லின்னியஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகுத் தாள் நெகட்டிவில் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை 21 பிரின்டுகள் ஒட்டி 19 அடி நீளத்துக்குச் சேர்த்தார். மெல்லிய ஆல்புமின் பூசிய உப்புத் தாள்கள் அவை. 21 தாளும் ஒரே நிறத்தில் நிற்க வேண்டும், வெளிச்சமோ மேகத்துக்கு மேகம் மாறும். கண்ணால் பார்த்து நிறுத்தத் தெரிந்த கை எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நேர் வெயிலில் 3 முதல் 15 நிமிடம். நிழலில், திறந்த வானத்துக்கு நேராக வைத்தால் அரை மணிக்கு மேல். காலை 8 மணி வெயில் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும் அதில் யு.வி. குறைவு. 10 மணிக்கு மேல்தான் கணக்கு நிலைக்கும். பழைய கைகாரர்களின் ஒரு வழக்கத்தை டியூப் பெட்டிக்காரர்களும் தெரிந்துகொள்ளலாம்: கெட்டி நெகட்டிவை நேர் வெயிலிலும், மெலிந்த நெகட்டிவை நிழலிலும் போடுவார்கள். மெல்லிய வெளிச்சத்தில் நிதானமாக ஏறினால் கான்ட்ராஸ்ட் கூடும். பெட்டியிலும் ஃபிரேமின் மேல் ஒரு டிரேசிங் பேப்பரை விரித்தால் அதே பலன் ஓரளவு கிடைக்கும்.

ஏப்ரல், மே மதிய வெயிலில் பத்து நிமிடம் ஃபிரேமை வைத்தால் கண்ணாடி தொட முடியாமல் சுடும். மேலே சொன்ன இரட்டை விளிம்பு நோய் அப்போது நிச்சயம். கடலோர ஊர்களின் மழை மாதங்களில் நேர் எதிர்த் தொல்லை: காய்ந்ததாகத் தெரியும் தாளில் ஈரம் தங்கியிருக்கும், அழுத்தத்தில் சில்வர் நைட்ரேட் நெகட்டிவுக்கு ஏறி, பிறகு அழியாத பழுப்புப் புள்ளியாக நின்றுவிடும். 12 மைக்ரான் பாலியஸ்டர் தாள் ஒன்றை நடுவில் வைப்பது நெகட்டிவுக்கான காப்பீடு. அது குடிக்கும் வெளிச்சமும் கூர்மையும் கவனிக்கத்தக்க அளவில் இல்லை.

கண்ணாடியும் ஃபிரேமும்

எந்த விளக்கானாலும் ஃபிரேமின் பின்பலகை இரண்டாக மடியும் வகையாக இருக்க வேண்டும். ஒரு பாதி தாளைப் பிடித்துக்கொண்டிருக்க, மறு பாதியை மட்டும் திறந்து பார்ப்பதுதான் முறை. இரண்டையும் திறந்தால் அந்தத் தாளை மறுபடி அதே இடத்தில் பொருத்த எவராலும் முடியாது. கண்ணாடி 3 அல்லது 4 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி போதும். கார் முன்கண்ணாடி போல நடுவே பிளாஸ்டிக் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி வேண்டாம், அந்த நடுப் படலம் யு.வி.யைத் தடுத்துவிடும். படச் சட்டத்துக்கென்று விற்கும் யு.வி. தடுப்புக் கண்ணாடியும், அதே குணமுள்ள அக்ரிலிக்கும் அப்படியே. அருமையான பெட்டி வாங்கி, தாள் இரண்டு மணி நேரமாகியும் கருக்கவில்லை என்றால் முதலில் கண்ணாடியைச் சந்தேகியுங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

உப்பும் வெள்ளியும் பூசிய தாளில் இரண்டு செ.மீ. சதுரத் துண்டுகள் ஒன்பது வெட்டுங்கள். எல்லாம் ஒரே தாளிலிருந்து, ஒரே பூச்சிலிருந்து. பெட்டியின் நான்கு மூலை, நான்கு பக்க நடு, மையம் என்று வைத்து, பின்னால் பென்சிலில் எண் போட்டு, நெகட்டிவ் இல்லாமல் கண்ணாடிக்கு அடியில் எக்ஸ்போஸ் செய்யுங்கள். மையத் துண்டு இளம் ஊதாப் பழுப்புக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கருக்கும் வரை விட்டால் சோதனை பொய் சொல்லும்: கருத்த வெள்ளி தானே தனக்குத் தடையாவதால் ஒன்பதும் ஒரே கருப்பாகிப் பெட்டி பிரமாதம் என்று தோன்றிவிடும். இளநிறத்தில் நிறுத்தி, மங்கலான மஞ்சள் பல்பின் கீழ் ஒன்பதையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்துப் பாருங்கள். கோடு தெரியாமல் ஒன்றோடொன்று கலந்தால் பெட்டி நல்லது. ஒற்றை எல்.இ.டி.யில் மூலை வெளுத்தால் தூரத்தைக் கூட்டுங்கள், டியூப் பெட்டியில் வரி தெரிந்தாலும் அதே மருந்து. ஒரு பக்கம் மட்டும் வெளுத்தால் அந்தப் பக்க டியூப்பையோ தகட்டையோ பாருங்கள். படிப்படியாகக் கருத்துப்போகும் ஃபிலிம் பட்டையான 21 படி ஸ்டவுஃபர் வெட்ஜ் கையில் இருந்தால் நேரத்துக்கு அது துணை, படிக்கு 0.15 அடர்த்தி, இரண்டு படிக்கு ஒரு ஸ்டாப்.

பிறகு பிரின்ட். பாதிப் பலகையைத் திறந்து பார்க்கும்போது நிறம் ஒரு வரிசையில் நகர்வதைக் காணலாம். முதலில் வெளிர் ஊதா, பிறகு ரோஜாப் பழுப்பு, செங்கல், சாக்லேட். அதற்குப் பின் நெகட்டிவ் தெளிவாக உள்ள இடங்களில் சுட்ட செம்பின் மேல் எண்ணெய் படர்ந்தது போல ஓர் உலோகப் பளபளப்பு. ஆல்புமினில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும், தாளைச் சாய்த்தால் பச்சையாகவும் மின்னும். பளபளப்பு மிக ஆழ்ந்த நிழலில் மட்டும் தொட்டு நிற்கலாம், முகத்தின் பாதிக்கு ஏறினால் நேரம் கூடிவிட்டது. அதைவிட முக்கியம், வெளுத்த இடங்களைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். வெள்ளைச் சட்டையின் மடிப்புகள், கடைசியில் எப்படி இருக்க வேண்டுமோ அதைவிட ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கருத்துத் தெரியும்போது நிறுத்துங்கள். பால்நிறம் போகும் வரை தண்ணீரில் அலசி, நிறத்தை மாற்றும் தங்க டோனர் போடுவதானால் போட்டு, படத்தை நிலைநிறுத்தும் 15 சதவீத ஹைப்போவில் லிட்டருக்கு 2 கிராம் சோடியம் கார்பனேட் சேர்த்து இரண்டு தொட்டியில் நாலு நாலு நிமிடம். முதல் தொட்டியில் இறங்கியதும் நிறம் ஆரஞ்சுக்குத் தாவி வெளிறும். அப்போது பதற வேண்டாம். காயக் காய நிழல்கள் இறங்கி வந்து, சட்டை மடிப்பு தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.